ஏணித்தோட்டம் விற்பனைக்கு

முதலில் கையிலிருக்கிற போனைக் கீழே வையுங்கள். மூன்று பேரும்தான். இதே அறையில் காலமெல்லாம் தட்டச்சு சொல்லிக் கொடுத்தவள் நான். மேசைக்கு அடியில் விரல் அசைந்தாலும் எனக்குத் தெரியும்.

என்னுடைய பழைய வகுப்பறையை வாடகைக்கு எடுத்து, காலாவதியான இணையப் பெயர்களை வாங்கி விற்கிற தொழிலைத் தொடங்கியிருக்கிறீர்கள். சந்தோஷம். "டீச்சர், ஹட்டனில் இதை முதல்முதல் செய்தது நீங்கள்தானாமே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று கேக் பெட்டியோடு வந்து கேட்டீர்கள். கேக் நன்றாக இருந்தது, அதனால் உண்மையைச் சொல்கிறேன். முதல்முதல் செய்தது நான்தான். முதல்முதல் கோட்டை விட்டதும் நான்தான்.

வீட்டில் உங்கள் அப்பா அம்மா "என்னடா தொழில் இது?" என்று கேட்டால் எப்படி விளக்குவீர்களோ தெரியாது. நான் என் வீட்டுக்காரருக்கு இப்படித்தான் சொன்னேன். இணையத்தில் ஒரு பெயரை யாரும் ஒரேயடியாக வாங்கிவிட முடியாது. வருடா வருடம் வாடகை கட்டி வைத்துக்கொள்ள வேண்டும். சொந்தக்காரர் மறந்துவிட்டாலோ, சலித்துவிட்டாலோ, செத்துப் போனாலோ, கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பெயரைத் தெருவில் விட்டுவிடுவார்கள். நாம் அதைப் பொறுக்கியெடுத்து, தேவைப்படுகிறவருக்குக் கூடுதல் விலைக்குக் கொடுக்கிறோம். அவர் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நீ குப்பை பொறுக்கப் போற. அதை நேரா சொல்லிட்டுப் போயேன்" என்றார்.

நான் ஏன் இதில் இறங்கினேன் என்று கேட்கிறீர்களா? தட்டச்சு வகுப்புக்குப் பிள்ளைகள் வருவது நின்றுவிட்டது. உலகமே இரண்டு கட்டைவிரலால் எழுதப் பழகிவிட்டது, பத்து விரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பக்கத்து அறையில் கணக்கியல் வகுப்பு நடத்திய மாஸ்டர் ஒருவர் இருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். அவர்தான் இந்தத் தொழிலைப் பற்றி என் காதில் போட்டவர். அவர் இதில் ஒரு சதமும் போடவில்லை என்பதை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

ஆரம்பத்தில் நான் வாங்கிய பெயர்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு கல்யாண ஜோடி தங்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைத்திருந்த பெயர். காதுக்கு இனிமையாக இருக்கிறதே என்று வாங்கினேன். அவர்களே வேண்டாம் என்று விட்ட பெயரை வேறு யார் வாங்குவார்கள் என்று யோசிக்கவில்லை. அப்புறம் தேர்தலில் தோற்ற ஒருவருடைய பெயர். மறுபடி நிற்பார் என்று நம்பினேன், மனிதர் வெளிநாட்டுக்கே போய்விட்டார். கண்ணில் பட்டதையெல்லாம் வாங்குவது, வாங்கியதைப் பார்த்துப் பார்த்துப் பூரிப்பது. இதுதான் என் வியாபாரம்.

அப்படி ஒரு நாள் காலாவதிப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு போகும்போது, ஆங்கில எழுத்தில் அந்தப் பெயர் வந்தது. ஏணித்தோட்டம் டொட் கொம். பட்டியலை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் தோட்டத்துப் பிள்ளைகள்தான். நம் தோட்டம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயர். பலகையிலும் தேயிலைப் பெட்டியிலும் இருப்பது எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை தன் ஊர் ஞாபகத்தில் வைத்த பெயர். லயத்து வரிசை வீடுகளில் சொல்வது நம் ஆட்கள் வைத்த பெயர். நான் பிறந்த தோட்டத்தில் மலை செங்குத்தாக இருக்கும், கொழுந்து எடுக்க ஏறினால் மூச்சு வாங்கும், ஆகவே அது ஏணித்தோட்டம். சின்ன வயதிலேயே அப்பாவுக்கு ஹட்டனில் வேலை கிடைத்து நாங்கள் இங்கே வந்துவிட்டோம். ஆனாலும் பெண் பார்க்க வந்தவர்கள் ஊர் எது என்று கேட்டபோது எங்கள் அம்மா அந்தப் பெயரைத்தான் சொன்னார்.

அந்தப் பெயர் கேட்பாரற்றுக் கிடக்கிறது! மாதாவே, என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். அந்தத் தோட்டத்துத் தேயிலை வெளிநாட்டுக்கெல்லாம் போகிறது. பெயர் இன்னொருவர் கையில் இருக்கிறது என்று தெரிந்தால் கொம்பனிக்காரர்கள் காலில் விழாத குறையாக வருவார்கள். உடனே வாங்கிவிட்டேன். அன்று ராஜாத்தி மாதிரித்தான் வீட்டுக்கு நடந்து போனேன்.

மறுநாள் கொழும்புக்கு, கொம்பனியின் தலைமை அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். சிங்களத்தில் மரியாதையாகப் பேசும் ஒரு அதிகாரி. நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் பெயரை இரண்டு தரம் கேட்டார். "அப்படி ஒரு தோட்டம் எங்களிடம் இல்லையே, மிஸ்" என்றார். இருக்கிறது என்றேன். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு யாரிடமோ விசாரித்துவிட்டு வந்து, "நாடு முழுக்கவே அப்படி ஒரு தோட்டம் இல்லை" என்றார். எனக்கு வந்ததே கோபம். "நான் அங்கேதான் பிறந்தேன், சேர்!" என்று கத்திவிட்டேன். அந்த மனிதர் சத்தம் போடவில்லை. "அப்படியானால் நல்லது, மிஸ்" என்று வாழ்த்துச் சொல்வது போலச் சொல்லி போனை வைத்தார்.

பிள்ளைகளே, என் முட்டாள்தனத்தைப் பாருங்கள். நாங்கள் எல்லோரும் வாய் நிறையச் சொல்கிற பெயர் என்பதால், உலகத்துக்கே அது தெரியும் என்று நினைத்துவிட்டேன். அந்தப் பெயர் தெரிந்த அத்தனை பேரும் லயத்துக்காரர்கள். அவர்களில் ஒருவர்கூட டொமைன் வாங்கப் போவதில்லை. "இல்லாத ஊருக்கு மகாராணி ஆயிட்ட, சந்தோஷமா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அந்த வாரம் முழுக்க என்னை மகாராணி என்றுதான் கூப்பிட்டார், தேத்தண்ணி கேட்கும்போதுகூட.

விட்டேனா? விற்காத பொருளுக்கு விளம்பரம் போதவில்லை என்று முடிவு கட்டினேன். அந்த முகவரியில் "ஏணித்தோட்டம் விற்பனைக்கு" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் கொட்டை எழுத்தில் ஒரு பக்கம் போட்டேன். கீழே என் சொந்தப் போன் நம்பரையும் போட்டேன். ஏன் சிரிக்கிறீர்கள்? இந்தத் தொழிலில் யாரும் சொந்த நம்பர் போடுவதில்லை என்று எனக்கு யார் சொன்னது?

இரண்டொரு நாளில் இந்தியாவிலிருந்து ஒரு அழைப்பு. வெளிநாட்டு வாங்குநர்!

"ஹலோ, ஏணித்தோட்டமுங்களா?" வயதான ஒரு பெண்ணின் குரல்.

"ஆமாங்க, சொல்லுங்க."

"விக்கப் போறதா போட்டிருக்குன்னு பேரன் காட்டுனான்."

"ஆமாங்க. சின்னப் பேரு, நல்ல பேரு, ஒரு தரம் கேட்டா மறக்காது. நீங்க எவ்வளவு யோசிச்சு வச்சிருக்கீங்க?"

"நாங்க எங்கம்மா வாங்குறது? எங்க அம்மாவை அங்கதான் பொதைச்சிருக்கு. வாங்குறவங்ககிட்ட அந்த எடத்தை மட்டும் ஒண்ணும் பண்ணிற வேணாம்னு சொல்லுவீங்களா?"

அம்மா, நான் தோட்டத்தை விற்கவில்லை, இணையத்தில் இருக்கிற அதன் பெயரைத்தான் விற்கிறேன் என்று எப்படியோ விளக்கினேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"பேரை மட்டுமா விக்கிறீங்க? பேரை வித்துட்டா நாங்க எதைச் சொல்லிம்மா தேடுறது?"

அந்த அம்மாவின் பெயர் பாக்கியம். நீலகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். ஏணித்தோட்டத்தில் பிறந்து, சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, தோட்டத்து ஆட்களை இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டுப் பிரித்துக்கொண்டதில், குடும்பத்தோடு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. கல்யாணம் முடித்துத் தனியாக மனுப் போட்டிருந்த அண்ணன் முத்தையாவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். கொஞ்ச காலம் கடிதம் வந்தது, அப்புறம் இரண்டு பக்கமும் வீடு மாறி, அதுவும் நின்றுவிட்டது.

நான் வாங்குவதற்கு முன் அந்த இணைய முகவரியில், ஏணித்தோட்டத்திலிருந்து இந்தியா போன ஒருவர், பிரிந்தவர்களின் படங்களையும் பெயர்களையும் போட்டு, "இவரைத் தெரியுமா?" என்று கேட்டு வந்திருக்கிறார். பாக்கியம் அம்மாவின் அண்ணனையும் தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சொன்னவர் செத்துப் போனார். வருடக் கட்டணம் கட்ட யாருமில்லை. பெயர் தெருவுக்கு வந்தது. மகாராணி பொறுக்கினேன்.

மாஸ்டரிடம் ஓடினேன். அவர் தன் கொம்பியூட்டரில், பழைய இணையப் பக்கங்களைச் சேர்த்து வைக்கிற ஒரு தளத்தைத் திறந்து, அந்த முகவரியில் முன்பிருந்த பழைய பக்கங்களை எடுத்துக் காட்டினார். லயத்து வாசலில் வரிசையாக நிற்கும் குடும்பங்கள், கீழே பெயர்கள்.

"டீச்சர், ஒரு பழைய வீடு வாங்கேக்க முன்னம் ஆர் இருந்தவை எண்டு விசாரிக்கிறேல்லையோ?" என்றார் மாஸ்டர். "பேரை வாங்க முதல் இதைப் பாக்க வேணும். இது அரிச்சுவடி."

அரிச்சுவடி எனக்குக் கடைசிப் பாடமாக வந்தது. நீங்கள் முதலிலேயே படித்துக்கொள்ளுங்கள்.

செத்துப் போனவருடைய மகனின் நம்பரை பாக்கியம் அம்மாவிடமே வாங்கிப் பேசினேன். உங்கள் அப்பாவுடைய பெயர் என்னிடம் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "அப்பாவுக்கு அது ஒரு பைத்தியம்ங்க. எங்களுக்கு நேரமில்ல, நீங்களே வச்சுக்கங்க" என்றார். திருப்பிக் கொடுத்துத் தப்பிக்கலாம் என்று பார்த்தேன், அதுவும் நடக்கவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் நிஜமான வாங்குநர் வந்தார். வெளிநாட்டுத் தரகர் ஒருவர், ஆங்கிலத்தில் செய்தி அனுப்பினார். அந்தப் பெயர் பல வருடம் உயிரோடு இருந்ததாம், நிறைய நல்ல தளங்களிலிருந்து அதற்கு இணைப்பு இருக்கிறதாம், அப்படிப்பட்ட பெயர் தேடலில் முன்னால் வந்து நிற்குமாம், அவருடைய ஆளுக்கு அதுதான் வேண்டுமாம். என்ன ஆள் என்று கேட்டேன். இணையச் சூதாட்டம். இன்று மாலைக்குள் பதில் சொன்னால் இந்த விலை, பிறகு இல்லை என்றார். அந்த விலையை நான் இரண்டு தரம் வாசித்தேன், கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் வாசித்தேன்.

என் முதல் விற்பனை! கைகள் தட்டச்சுப் பலகைக்குப் போய்விட்டன. அப்போது பார்த்து பாக்கியம் அம்மா எனக்குப் போன் எடுத்தார். அண்ணனின் அடையாளம் ஒன்று ஞாபகம் வந்ததாம். அடையாளம் சொல்லத் தொடங்கியவர், அண்ணன் ஆற்றில் மீன் பிடித்தது, அடி வாங்கியது, தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழாவுக்குப் போனது என்று சொல்லிக்கொண்டே போனார்.

"ரயிலு கெளம்பறப்ப அண்ணனும் எங்ககூட வந்துரும்னு நெனச்சேம்மா. வரலன்னதும் எனக்குக் கோவம். அண்ணிக்காக நின்னுருச்சுன்னு நெனச்சேன். அது மேடையில நிக்கிது, எம் பேரைச் சொல்லிக் கூப்புடுது. நான் திரும்பிப் பாக்கல. செத்துப் போறதுக்குள்ள அதைச் சொல்லிரணும்."

போனை வைத்தபோது தரகரின் கெடு முடிந்திருந்தது. அதனால் என்னைத் தியாகி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அம்மா சுருக்கமாகப் பேசுகிறவராக இருந்திருந்தால் அன்றே விற்றிருப்பேன்.

முத்தையாவை நான் இணையத்தில் தேடினேன், தேடினேன், கண் பூத்துப் போகும்வரை தேடினேன். நாட்டில் இத்தனை முத்தையாக்களா! கடைசியில் வீட்டுக்காரர்தான் சலித்துப் போய், "தோட்டத்து ஆளைத் தோட்டத்துல தேடாம வானத்துல தேடுறியே" என்றார். ஏணித்தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரின் நம்பரை விசாரித்துப் பிடித்துப் பேசினேன். அவர் மறுநாள் காலை பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்க எல்லோரும் கூடி நிற்கும்போது, "இந்தியா போன பாக்கியத்தோட அண்ணன் முத்தையா எங்க, யாருக்காவது தெரியுமா?" என்று ஒரு குரல் கொடுத்தார். கொழுந்து எடுக்கப் புறப்பட்ட ஒரு பெண் நின்று, "எங்க பெரிய மாமாதானே, டயகமவுல மக வீட்டுல இருக்காரு" என்று சொல்லிவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு மலையேறிப் போய்விட்டாளாம். எனக்கு வந்த வெட்கத்தில் கொம்பியூட்டரை மூடிவைத்துவிட்டேன்.

முத்தையா அண்ணனுக்குப் போன் எடுத்தேன். குதித்துக்கொண்டு வருவார் என்றுதான் நினைத்தேன்.

"வேணாம் டீச்சர்" என்றார். "கோவிச்சுக்கிட்டுப் போன புள்ள அது. தொண்டை கிழிய கூப்புட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. இத்தனை காலம் கழிச்சு, அதே கோவத்தோட பேசுச்சுன்னா என்னால தாங்க முடியாது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணே, நீங்க வரலேன்னா நான் டயகமவுக்கு வந்து உங்க வாசல்ல உக்காந்துக்குவேன். எனக்கு மூட்டு வலி. பஸ்ஸு ஏற வச்ச பாவம் உங்களுக்குத்தான்" என்றேன். மனிதர் பயந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார்.

இங்கே ஒன்றை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன், முடிவில் கேட்காதீர்கள். அந்தப் பெயர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வருடா வருடம் கட்டுகிறேன். தொழில்காரராகப் பார்த்தால் நான் செய்தது சுத்த நட்டம், உங்களை அப்படிச் செய்யச் சொல்லவும் மாட்டேன். நீங்கள் வாங்குங்கள், வில்லுங்கள், நன்றாக இருங்கள். எந்தப் பெயரை விற்பதற்கு முன்னும், அதைத் தேடிக்கொண்டு இன்னும் யாராவது வருகிறார்களா என்று மட்டும் ஒரு தரம் பாருங்கள்.

ஞாயிறு பூசை முடிந்து நான் வரும்போது முத்தையா அண்ணன் இந்தப் படிக்கட்டில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, மகளுடன் உட்கார்ந்திருந்தார். மாஸ்டரும் வந்திருந்தார். கொம்பியூட்டரைப் போட்டேன். முதலில் வந்தது தரகரின் செய்தி! விலையை ஏற்றியிருந்தார். இதுதான் கடைசி, இப்போதே ஆமா இல்லையா என்று கேட்டிருந்தார்.

எட்டிப் பார்த்த மாஸ்டர் என் காதருகில் குனிந்தார். "டீச்சர், நல்ல விலை. ஆளைத்தான் கண்டுபிடிச்சாச்சே. இனி உந்தப் பேர் என்னத்துக்கு? குடுத்துப்போட்டு நிம்மதியா இருங்கோ."

அவர் சொன்னது நியாயம். எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் இன்று பூசைக்குப் போய்வந்த வாயால் பொய் சொன்னதாகிவிடும். கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, வீட்டுக்காரரின் வாயை அடைக்க வேண்டியிருந்தது. பொறுங்கள் என்று தரகருக்கு எழுதிவிட்டு, நீலகிரிக்கு வீடியோ அழைப்பைப் போட்டேன்.

திரையில் பாக்கியம் அம்மா வந்தார். இந்தப் பக்கம் அண்ணன். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எனக்குத்தான் பொறுக்கவில்லை, வகுப்புப் பிள்ளைகளை அதட்டுகிற மாதிரி "பேசுங்க!" என்றேன்.

"ஏன்டி பாக்கியம், சாப்பிட்டியா?" என்றார் அண்ணன்.

அந்த அம்மா உடைந்துவிட்டார். "அண்ணே... அன்னைக்கு நீ கூப்புட்ட. நான் திரும்பிப் பாக்கலண்ணே."

"பாத்தடி."

"இல்லண்ணே. நான் பாக்கல."

"அட, பாத்த புள்ள. ரயிலு வளையிற எடத்துல, சன்னலுக்கு வெளிய தலைய நீட்டிப் பாத்த. உனக்கு ஞாபகமில்ல, சின்னப் புள்ள. மேடையில நின்னவன் நான்தானே, எனக்குத் தெரியாதா?"

என்னிடம் போனில் அவர் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. மகளுக்கும் தெரியும் போலிருக்கிறது, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எவ்வளவு அழகாகப் பொய் சொன்னார் அந்த மனிதர்! எனக்கு அழுகை வந்துவிட்டது. மாஸ்டர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு தெருவைப் பார்த்தார்.

"நெசமாவா அண்ணே?" என்று பாக்கியம் அம்மா கேட்டார்.

"நெசமாத்தான்."

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பின்னால் திரும்பி, "எல்லாரும் வாங்கடி, எங்க அண்ணன்!" என்று கூவினார். மகன்கள் வந்தார்கள், மருமகள்கள் வந்தார்கள், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் திரைக்குள் தலையை நுழைத்து, "டீச்சரம்மா, நானும் ஏணித்தோட்டம்தாங்க, ரெண்டாம் நம்பர் லயம், என் மாமன் பேரையும் கொஞ்சம் எழுதிக்கங்க" என்றார்.

திரையின் ஓரத்தில் தரகரின் செய்தி மறுபடி எழும்பியது. ஆமாவா, இல்லையா?

விற்பதற்கில்லை என்று எழுதினேன். உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள், காலி பண்ண முடியாது என்றும் எழுதினேன்.

தரகர்கள் சும்மா விடுவார்களா? எத்தனை பேர் என்று கேட்டார்.

நான் திரையைப் பார்த்தேன். அந்தச் சின்ன வீட்டு வாசல் வழியாக, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, இன்னும் யாரோ ஓடிவந்துகொண்டிருந்தார்கள்.

"தெரியவில்லை, வந்துகொண்டே இருக்கிறார்கள்" என்று எழுதி அனுப்பினேன்.